லைனில் இருப்பவர்

அந்தப் படிவத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. பணம் எடுப்பவர் பெயர், தொகை, பணம் யாருக்குப் போகிறது, எதற்காக. கடைசிக் கேள்விக்கு மட்டும் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். செய்தித்தாளில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இரண்டு வரி தாராளமான இடம். பேருந்து கவிழ்ந்த செய்தியை, ஊர், நேரம், காயமடைந்தோர் எண்ணிக்கையோடு அதற்குள் அடக்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த இரண்டு வரியும் காலியாகவே கிடந்தன.

ஜூன் மாதத்துப் புதன்கிழமை. மணி பதினொன்றரை. தென்காசியில் நாங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை. வெளியே சாரல். நனைந்த குடைகளை வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் செருகி வைத்திருந்தார்கள். நான் எடுக்கப் போன தொகை நாலரை லட்சம். காசாளர் காசோலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கைப்பையிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்தார். பிறகு, "மேடத்தப் பாத்துட்டு வாங்க" என்று படிவத்தைக் கையில் கொடுத்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த உதவி மேலாளரைக் காட்டினார்.

"எதற்காக" என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. கணவர் ஊருக்குத் திரும்பி வருவதற்காக. ஆனால் அது வங்கிப் படிவத்தில் எழுதக்கூடிய காரணமாக எனக்கே படவில்லை.

அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். கல்யாணமான இரண்டாவது வருடம் போனவர்; இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒரு மொத்தப் பழ வியாபாரக் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் விடுமுறை. அதுவும் டிசம்பரில்தான். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளிக்கூடங்களை மூடுவதால், குடும்பத்தோடு இருக்கும் அதிகாரிகள் அந்த மாதங்களை எடுத்துக்கொள்வார்கள். அதனால் இருபத்தாறு வருடமாக அவர் குற்றாலத்தில் ஒரு சீசனைப் பார்த்ததில்லை. டிசம்பரில் வந்து, கலங்கல் தண்ணீரில் குளித்துவிட்டு, "இது இல்லட்டி தண்ணி" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொல்வார்.

அங்கே அவர் கைக்கு எல்லா ஊர்ப் பழமும் காயும் வரும். ஒருநாள் வேலைக்கு நடுவில், "ஏட்டி, பாவூர்சத்திரம் முருங்கைக்கா வந்திருக்கு. பொட்டியில பேரு அடிச்சிருக்கான்" என்றார். எங்களுக்குப் பக்கத்து ஊர்; அன்று முழுவதும் அவர் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. சாயங்காலம், அந்தப் பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்ய? எட்டு டிகிரியில வச்சேன்" என்றார்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில், பட்டா இடத்தில் ஒரு பழக்கடை குத்தகைக்கு வந்தது. சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார்கள். மற்ற நாளில் வாழைப்பழம். கடை மூன்று அண்ணன் தம்பிகளுக்குச் சொந்தம். மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று வருடக் குத்தகைக்கு விட ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். ஒரு நிபந்தனை வைத்தார்கள். முன்பணத்தில் மூவர் பங்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அவரவர் கையில் ரொக்கமாக வர வேண்டும். மூன்று பேர் வங்கிக் கணக்கிலும் தனித்தனியாகப் போட்டுவிடுகிறேனே என்றேன். "அவன் கணக்குல விழுந்து ரெண்டு நிமிசம் கழிச்சு எனக்கு விழுந்தா, நான் என்ன அவனுக்கு எளப்பமா?" என்று மூத்தவர் கேட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது.

அந்தக் கடையைச் செங்கோட்டைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை பணம் வராவிட்டால் அவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஷார்ஜாவிலும் புதன்கிழமைதான் கெடு. கணவருடைய விசா முடிகிறது. புதுப்பிப்பதானால் அன்று அவர்கள் நேரம் பன்னிரண்டுக்குள், நம் நேரம் ஒன்றரைக்குள், கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். போட்டால் இன்னும் இரண்டு வருடம். போடாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு. கையில் ஒரு பிழைப்பு இல்லாமல் வந்து நிற்க அவருக்குத் துணிவு இல்லை. எங்கள் தெருவில் அப்படி வந்து, ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குக் குறைந்த சம்பளத்தில் திரும்பிப் போனவர்களை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். கடை கிடைத்தால் வருகிறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் பணத்தை வாங்கியதும் லைனில் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்துப் போடாமல் அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

லைன் என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. போனில் இணையம் மலிந்த பிறகு வந்தது. காலையில் அழைப்பைப் போட்டுவிட்டு, அப்படியே வைத்துவிடுவோம். பேசிக்கொண்டே இருப்பதில்லை. அவர் அங்கே ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். நான் இங்கே சமைப்பேன், துணி துவைப்பேன், செய்தி தட்டச்சு செய்வேன். தோன்றினால் ஒரு வார்த்தை. மணிக்கணக்கில் ஒன்றும் இல்லாமலும் போகும். கிடங்கில் படக்கருவிக்கு அனுமதி கிடையாது. அதனால் குரல் மட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எனக்கு ஒரு சலாம் சொல்வார்கள், மேஜை மேல் இருக்கும் போனுக்கு ஒரு சலாம் சொல்வார்கள். அதிலிருந்து பதில் சலாம் வரும். யாரும் இதை வினோதமாக நினைப்பதில்லை.

"வெளிய சாரலா?" என்று சில நாள் கேட்பார். ஆமாம் என்பேன். "கேக்கலியே" என்பார். சாரலுக்குச் சத்தம் கிடையாது. தகரத்திலிருந்து சொட்டினால்தான் உண்டு.

உதவி மேலாளருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். இந்தக் கிளைக்கு வந்து மூன்று மாதம். உட்காரச் சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்தார்.

"நேத்து டெபாசிட்டை முன்கூட்டியே முடிச்சிருக்கீங்க. இன்னைக்கு மொத்தத்தையும் ரொக்கமா எடுக்கறீங்க. எதுக்குன்னு சொல்ல முடியுங்களா?"

"கடை அட்வான்ஸ்."

"யாருக்கு?"

"மூணு பேருக்கு."

"அக்கவுண்ட்டுக்கே அனுப்பிடலாமேங்க."

"அவுக ஒத்துக்கிட மாட்டாவ. நேரமாகுது மேடம். ஒன்றரைக்குள்ள முடிக்கணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஒன்றரைன்னு யாரு சொன்னது?"

நான் பையில் இருந்த போனைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. திரையில் அழைப்பின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரும் அதைப் பார்த்தார்.

அவர் தலைக்குப் பின்னால் அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தித்தாள் நறுக்கு குத்தியிருந்தது. வெயில் பட்டு ஓரம் பழுத்திருந்தது. போலீஸ் என்று சொல்லி போனிலேயே முதியவர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் பற்றிய செய்தி. அதன் கீழே கட்டம் கட்டி, "வங்கி ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை" என்று மூன்று அறிகுறிகள். போன் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருப்பது. காரணம் கேட்டால் தயங்குவது. நேரம் ஆகிறது என்று பதறுவது. அந்தக் கட்டத்தை எழுதியது நான். எங்கள் பத்திரிகையில் இந்த மாதிரிச் செய்திக்குப் பெயர் போடுவதில்லை.

"லைன்ல யாருங்க?"

"மச்சான்."

"உங்க அக்கா வீட்டுக்காரரா?"

"இல்ல, எனக்கு அக்கா இல்ல. மச்சான். எங்க வீட்டு..."

அவர் சட்டென்று கை நீட்டிப் போனை எடுத்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, ஒரு குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல. ஒலிபெருக்கியை அழுத்தினார். "ஹலோ, யாருங்க பேசறது?"

கிடங்கின் மின்விசிறி இரைச்சல் வந்தது. பிறகு கணவரின் குரல். "நான் அவ மாப்பிள்ளை பேசுதேன் மேடம்."

உதவி மேலாளர் என்னைப் பார்த்தார். "மச்சான்னீங்க. அவரு மாப்பிள்ளைங்கறாரு. மருமகனா? உங்களுக்குக் கல்யாணமான பொண்ணு இருக்காங்களா?"

"இருக்கா. சென்னையில இருக்கா. ஆனா இவுக மருமகன் இல்ல."

"அப்ப யாருங்க?"

வாசலில் நின்ற காவலாளி அண்ணாச்சி இதற்குள் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் வந்துவிட்டார். உள்ளூர்க்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "மேடம், இவுகள்ல மாப்பிள்ளைன்னா புருசன். மச்சான்னாலும் புருசன்தான்."

"அப்ப நெஜ மச்சானை என்னன்னு கூப்பிடுவாங்க?"

அண்ணாச்சி யோசித்தார். "அவரும் மச்சான்தான் மேடம்."

போனிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அது எங்களுக்கு உதவவில்லை. "யாருங்க சிரிக்கறது? கூட எத்தன பேரு இருக்கீங்க?" என்று உதவி மேலாளர் கேட்டார்.

"நான் மட்டுந்தான் மேடம். நீங்க பேசினது..."

"அம்மா, இந்த லைனைக் கட் பண்ணுங்க. பண்ணிட்டு என்கிட்ட பேசுங்க. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் இருக்கேன்."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அந்தக் கட்டத்தில் நானே அப்படித்தான் எழுதியிருந்தேன்: முதலில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கிடங்குக்குள் ஒருமுறை அறுந்தால் மறுபடி பிடிப்பது அபூர்வம். கணவர் வெளியே வந்தால்தான் கிடைக்கும். அவர் வெளியே வருவது கையெழுத்துக்காகத்தான்.

"கட் பண்ண மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"கட் பண்ணினா திரும்பக் கெடைக்காது."

இதைக் கேட்டதும் உதவி மேலாளரின் முகம் மாறியது. சந்தேகம் போய் உறுதி வந்தது. மேலாளர் திருநெல்வேலியில் கூட்டத்துக்குப் போயிருப்பதாகவும், இப்படிச் சந்தேகம் வந்த தொகைக்கு அவர் ஒப்புதல் இல்லாமல் தன்னால் தர முடியாது என்றும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் மெதுவாக எடுத்துச் சொன்னார். நான் செய்தியாளர் அடையாள அட்டையைக் காட்டினேன். அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "போன மாசம் வந்தவரும் வாத்தியாருங்க அம்மா. படிச்சவங்கதான் அதிகமா மாட்டறாங்க" என்றார்.

மணி பன்னிரண்டே முக்கால். மேலாளர் போனை எடுக்கவில்லை. உதவி மேலாளர் வேறு வழியில் போனார். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, போனைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு லைனில் இருந்தவரைக் கேட்கத் தொடங்கினார். கணவர் என்றால் வீட்டைப் பற்றித் தெரிந்திருக்கும் அல்லவா. நல்ல யோசனைதான். நான் நிருபராக இருந்து கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"உங்க வீட்டு கேட் என்ன கலருங்க?"

மின்விசிறி மட்டும் ஓடியது.

"சார்?"

"தெரியல மேடம். நான் வந்தப்ப பச்சை. பெறவு பெயின்ட் அடிச்சதாச் சொன்னா."

"மாடிப்படி எந்தப் பக்கம் இருக்குது?"

"படி... நான் இருக்கும்போது படி கட்டல. போன வருசம் கட்டினது."

"சமையல் ரூமுல ஜன்னல் எத்தன?"

"ஒண்ணு." பிறகு, "ரெண்டு?" என்றார்.

மூன்று இருந்தது. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவர் அனுப்பிய பணம். அஸ்திவாரத்தை ஒரு விடுமுறையில் பார்த்தார். கூரையை அடுத்த விடுமுறையில். மாடி எழும்பியதைப் பார்க்கவில்லை. விடுமுறை நாளில் முகம் காட்டிப் பேசும்போது என் முகத்தைத்தான் காட்டுவேன். மாடிப்படியை எடுத்துக் காட்ட யாருக்குத் தோன்றும்?

உதவி மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நான் ஏமாற்றப்பட்டவள் என்பது அவருக்கு நிரூபணமாகிவிட்டது. காவலாளி அண்ணாச்சி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட மூன்று கேள்விக்கும் கணவர் பதில் தப்பு.

அப்போது போனிலிருந்து, "மேடம், ஒரு நிமிசம். நான் சொல்லலாமா?" என்று கேட்டது.

"சொல்லுங்க."

"கேட் கலரு தெரியாது. தொறந்தா ரெண்டு தடவை கிறீச்சுங்கும். மூடும்போது ஒரு தடவை. பால்காரரு வந்தா தொறக்க மாட்டாரு, மேல தட்டுவாரு. காலையில அஞ்சே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு ஆரன் அடிச்சிட்டுப் போவான். குக்கரு மூணாவது விசிலு முழுசா வராது, பாதியில நின்னுரும். மிக்ஸி ஓடும்போது அவ கைய வச்சு அழுத்திப் பிடிச்சிருப்பா, சத்தம் மாறும். அந்தப் படி எந்தப் பக்கம்னு தெரியாது, ஆனா பதினாலு படி. அஞ்சாவது படியில நின்னு மூச்சு வாங்குவா. ஒரு வருசமா வாங்குதா. டாக்டர்ட்ட போன்னா போறதில்ல."

காவலாளி அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"பக்கத்து வீட்டம்மாகூட குப்பைத் தொட்டிக்குச் சண்டை போடுவா. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை. போட்டுட்டு வந்து, இவ பேசாம விட்டதையெல்லாம் என்கிட்ட பேசுவா. அழணும்னா குழாயத் தொறந்து விட்டுருவா மேடம். நமக்குக் கேக்கக் கூடாதுன்னு. தண்ணி ஓடும்போது நான் பேச மாட்டேன். மூடின பெறவுதான் பேசுவேன்."

எனக்கு இது தெரியாது. குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பாத்திரம் கழுவுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். சில நாள் அதற்காகவே ஒரு தட்டைக் குழாயடியில் உருட்டியும் இருக்கிறேன்.

உதவி மேலாளர் போனை எடுத்து, துணியால் துடைப்பது போல விரலால் திரையைத் துடைத்து, என் கையில் கொடுத்தார். "நான் மேலாளரைப் பிடிக்கறேங்க. எப்படியாவது பிடிக்கறேன்" என்றார். எழுந்து மேலாளர் அறைக்குள் போனார். கண்ணாடி வழியாக அவர் எண்களை அழுத்துவது தெரிந்தது. காதில் வைத்தார். எடுத்தார். மறுபடி அழுத்தினார். மணி ஒன்று பத்து.

இனி எழுதப்போவது பதினைந்து நிமிடக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அங்கே அவர் கிடங்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். கனத்த கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு வெயிலில் நடக்கும் செருப்புச் சத்தம். பிறகு குளிரூட்டிய அறை ஒன்றின் கதவு. யாரோ இந்தியில் பேசினார்கள். நாற்காலி இழுபட்டது.

"ஏட்டி."

"ம்."

"ஆபீசுல உக்காந்திருக்கேன். பேப்பரு முன்னால இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "கெடச்சிருமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதவி மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தமா, கிடைக்கவில்லை என்று அர்த்தமா என்று தெரியவில்லை.

பத்திரிகையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். உறுதிப்படுத்தாமல் எழுதாதே. இறந்தார் என்று ஆஸ்பத்திரி சொல்லும்வரை கவலைக்கிடம்தான். வென்றார் என்று அதிகாரி அறிவிக்கும்வரை முன்னிலைதான். இருபத்திரண்டு வருடம் அதை மீறியதில்லை. ஒருமுறைகூட மறுப்புச் செய்தி போட நேர்ந்ததில்லை.

"தெரியல" என்றேன்.

கிடைத்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். பணம் கையில் வராமலே சொல்லியிருந்தால்கூட அவர் எழுந்து வந்திருப்பார். பிறகு நடப்பதைச் சேர்ந்து பார்த்திருப்போம். அவர் என்னிடம் தகவல் கேட்கவில்லை. அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நான் தகவலைச் சொன்னேன்.

இந்திக்காரர் ஏதோ கேட்டார். இவர், "ஹாங், ஹாங்" என்றார். மணி ஒன்று இருபத்தாறு.

"சரிட்டி. கையெழுத்துப் போட்டுருதேன். ரெண்டு வருசந்தானே."

பேனாவின் சத்தம் போனில் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டது. அவர் பெயரின் கடைசி எழுத்தை நீட்டி இழுத்துக் கீழே ஒரு கோடு போடுவார். நிக்காஹ் பதிவேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறார். அந்தக் கோடு கேட்டது. அடுத்து முத்திரை குத்தும் சத்தம். இரண்டு பிரதி, இரண்டு முறை.

ஒன்று ஐம்பதுக்கு உதவி மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். "ஓகே சொல்லிட்டாருங்க. காசாளர்கிட்ட போங்க, நான் சொல்லிட்டேன்."

"வேண்டாம் மேடம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் எதிரே இருந்த நாற்காலியில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்தார். "ஒன்றரைன்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமா."

"போன மாசம் அந்த வாத்தியாரு இதே இடத்துலதாங்க உக்காந்திருந்தாரு. போன் சட்டைப் பையில இருந்துச்சு. நான் ஒண்ணுமே கேக்கல. பொண்ணுக்கு நகையான்னு கேட்டுச் சிரிச்சுக்கிட்டே குடுத்தனுப்பினேன்." மேஜையில் கிடந்த படிவத்தை நேராக்கினார். "மொத்தமும் போயிடுச்சு."

அவரிடம் கோபப்பட என்னிடம் எதுவும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இப்போதும் அந்தக் கிளைக்குப் போனால் எழுந்து வந்து பேசுவார். சார் எப்படி இருக்காங்க என்று கேட்டுவிட்டு, என் பையில் தெரியும் போனைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு, "சலாம் சார்" என்பார்.

வெளியே வந்தபோது காவலாளி அண்ணாச்சி வாளியிலிருந்து என் குடையை எடுத்துக் கொடுத்தார். "தாயி, அந்த அஞ்சாவது படி விசயத்தை டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றார்.

வீட்டுக்குத்தான் போக நினைத்தேன். கடைக்காரருக்குப் போனில் சொன்னால் போதும். ஆனால் லைனில் அவர், "அங்கன போய்ட்டு வாட்டி" என்றார். "அந்தக் கடை அண்ணாச்சிகிட்ட நேர்ல பாத்துச் சொல்லிரு. பெரிய மனுசன், ரெண்டு வாரமா நமக்காக வச்சிருந்தாவ. அப்படியே தண்ணி விழுதான்னும் பாரு."

குற்றாலம் பேருந்தில் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனேன். கடையில் மூன்று சகோதரர்களும் மூன்று திசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எடைத்தட்டுக்கு அருகில், ஒருவர் வெளியே கல்லில், மூத்தவர் உள்ளே. நான் சொன்னதும் மூத்தவர் தலையாட்டினார். "நாங்களும் சாப்பிடாம காத்திருந்தோம்மா" என்றார். அந்த "நாங்களும்" என்ற சொல்லைக் கேட்டு வெளியே இருந்தவர் திரும்பிப் பார்த்தார். செங்கோட்டைக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். மூத்தவர் ஒரு மங்குஸ்தானை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். அதன் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதைக் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஷார்ஜாவில் இருந்துகொண்டு சொன்னார். ஆறு இதழ் இருந்தது. நான் உரிக்கவில்லை.

அருவிக்குப் போகும் வழியில் கூட்டம் அதிகமில்லை, வார நாள். ஈரத்துணியோடு எதிரே வந்தவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். அருவிக்கு அருகில் இருந்துவிட்டு வருகிறவர்கள் கொஞ்ச தூரம்வரை அப்படித்தான் பேசுவார்கள். ஐந்து பிரிவும் விழுந்துகொண்டிருந்தன. வெள்ளையாக, கலங்கல் இல்லாமல். அவர் "இது இல்லட்டி" என்று சொல்ல முடியாத தண்ணீர்.

கம்பித் தடுப்புக்கு அருகில் நின்று போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, தண்ணீரின் பக்கம் நீட்டிப் பிடித்தேன். "கேக்குதா?" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் என்னையும் போனையும் பார்த்தாள். படம் எடுக்கிறேன் என்று நினைத்து, மறைக்காமல் ஓரமாக நகர்ந்து கொடுத்தாள். தடுப்பில் சாய்ந்து நின்றேன். தெறித்த தண்ணீர் முகத்தில் விழுந்தது. துடைக்க வேண்டிய அவசியம் இல்லாத இடம் அது.

கை வலித்தபோது போனை இறக்கிப் பார்த்தேன். அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. பைக்குள் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தேன். அவர் இருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் பேசவில்லை.